அலாரம் டேக்குகளின் பேட்டரி நீடித்து உழைக்க: சிறுநகரக் கடைகளுக்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சுங்கை சிப்புட்டில், சுற்றியுள்ள தோட்டத்து மக்களை நம்பி நடக்கும் ஒரு மினி மார்க்கெட்டில் நான் சரக்குப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். தீபாவளிக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மாலை, கடையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில், பேரப்பிள்ளைக்குப் பால்மாவு வாங்க வந்த ஒரு பாட்டி அலமாரியிலிருந்து டின்னை எடுத்தவுடன் திருட்டைத் தடுக்க அதன்மேல் கம்பியால் மாட்டியிருந்த அலாரம் டேக் வீரிட்டு அலறத் தொடங்கியது. அவர் டின்னைத் திறக்கவும் இல்லை, கம்பியைத் தொடவும் இல்லை. ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயா, நான் ஒண்ணும் செய்யலையே" என்று அவர் சொன்னபோது அவருடைய கை நடுங்கியது. டேக்கைக் கழற்றிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது: உள்ளிருந்த பேட்டரி ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. மின்னழுத்தம் சரிந்தால் டேக்கின் உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு சுற்று தடுமாறி, யாரும் கைவைக்காமலேயே, திருட்டு நடப்பதாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஒருவரை ஒருவர் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஊரில், அந்த ஒரு நிமிட அலறல் ஒரு மனிதரின் பெயரைத் தொட்டுவிடுகிறது. பேட்டரிச் செலவை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் நான் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கவில்லை. அந்தப் பாட்டியின் முகம்தான் என்னைத் தொடங்க வைத்தது. கீழே எழுதியிருப்பவை எங்கள் கடையில் நாங்கள் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்து வைத்துக்கொண்ட படிகள். மளிகைக்கடை, துணிக்கடை, கைப்பேசிக் கடை எதுவானாலும் சிறு மாற்றங்களுடன் பொருந்தும்.

முதற்படி: எந்த டேக்கில் பேட்டரி இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கடையில் உள்ள எல்லா டேக்கிலும் பேட்டரி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். துணிகளில் ஊசி குத்தி மாட்டும் சாதாரண பிளாஸ்டிக் டேக்கிலும் விலைச்சீட்டு போல ஒட்டும் டேக்கிலும் பேட்டரி கிடையாது. அவற்றில் 58 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அதிரும் மெல்லிய உலோகப் பட்டையோ, 8.2 மெகா ஹெர்ட்ஸுக்கு ஒத்திசையும் கம்பிச்சுருளோ இருக்கும். வாசலில் நிற்கும் உணர்கருவித் தூண்கள் அனுப்பும் அலைக்கு அவை பதில் சொல்லும், அவ்வளவுதான். வேண்டிய மின்சாரத்தைத் தூண்களே சுவர் இணைப்பிலிருந்து எடுத்துக்கொள்கின்றன.

தானே சத்தம் போடும் டேக்குகளில்தான் பேட்டரி இருக்கிறது. இவை இரண்டு வகை. ஒரு வகையில், கம்பியை வெட்டினாலோ டேக்கைப் பிடுங்கினாலோ டேக் அலறும். வாசலைத் தாண்டினால் தூண் மட்டும் அலறும். மற்ற வகையில் இவ்விரண்டோடு, வாசலைத் தாண்டும்போது டேக்கும் சேர்ந்து அலறும். வியாபாரத்தில் முதல் வகையை இரட்டை அலாரம் என்றும் இரண்டாவதை மூன்று அலாரம் என்றும் சொல்கிறார்கள். இந்த வேறுபாடு பேட்டரிக்கு மிக முக்கியமானது. தூணின் அலையைத் தானே உணர வேண்டிய மூன்று அலார டேக், எந்த நேரமும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. தூணின் பக்கத்தில் வைத்தால் ஓயாமல் விழித்துக்கொள்கிறது.

எல்லா டேக்குகளையும் ஒரு மேசைமேல் கொட்டி, பேட்டரி இல்லாதவை, இரட்டை அலாரம், மூன்று அலாரம் என்று மூன்று குவியலாகப் பிரியுங்கள். பிறகு பேட்டரி உள்ளவற்றில் மூடி திறக்கக்கூடியவை எவை, முழுவதும் ஒட்டி அடைக்கப்பட்டவை எவை என்றும் பாருங்கள். அடைக்கப்பட்டவற்றில் பேட்டரி மாற்ற முடியாது. பேட்டரி தீர்ந்தால் டேக்கையே தூக்கிப்போட வேண்டும். ஆகவே அவற்றுக்குப் பயன்படுத்தும் முறைதான் ஒரே மருந்து.

பேட்டரியின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரும்பாலான அலாரம் டேக்குகளில் காசு வடிவ லித்தியம் பேட்டரி இருக்கும். அதன்மேல் சிஆர்2032 என்று பொறித்திருந்தால், 'சி' என்பது லித்தியம் மாங்கனீஸ் டைஆக்சைடு வேதியியலையும், 'ஆர்' என்பது வட்ட வடிவத்தையும், 20 என்பது மில்லிமீட்டரில் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கும். அப்படியானால் சிஆர்2025 அதே விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. இரண்டும் 3 வோல்ட்தான் என்றாலும், 2032 சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்டது, 2025 சுமார் 160 மட்டுமே. 2032 கேட்கும் டேக்கில், கையில் இருக்கிறதே என்று 2025 போட்டு, இடைவெளிக்குத் தாளை மடித்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரி சீக்கிரம் தீர்வதோடு, அலமாரியில் டேக் அதிரும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வந்து பொய் அலறலும் வருகிறது.

எல்ஐஆர்2032 என்ற பெயரில் அதே அளவில் மறுமின்னேற்ற பேட்டரியும் விற்கிறது. அதன் இயல்பு அழுத்தம் 3.6 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட். 3 வோல்ட் டேக்கில் அதைப் போடவே கூடாது. சில சிறிய டேக்குகளில் எல்ஆர்44 என்ற 1.5 வோல்ட் கார (ஆல்கலைன்) பேட்டரி இரண்டு அடுக்கியிருக்கும். அதற்குப் பதில் அதே அளவுள்ள எஸ்ஆர்44 என்ற வெள்ளி ஆக்சைடு பேட்டரி கிடைத்தால் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் தீரும்வரை அழுத்தம் கிட்டத்தட்ட சமமாக நிற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டால் பழையது வரம்பு மீறி வடிந்து, உள்ளிருக்கும் காரம் கசியும்.

மின்சாரம் எங்கே போகிறது என்று ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு எல்லாமே விளங்கியது. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

கம்பியைச் செருகிப் பூட்டிய நிலையில் சும்மா இருக்கும் ஒரு டேக் 5 மைக்ரோ ஆம்பியர் (ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி) எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 220 மில்லி ஆம்பியர் மணியை அதனால் வகுத்தால் 44,000 மணி நேரம் வருகிறது. அது ஏறக்குறைய 5 ஆண்டு. இப்போது அதே டேக் அலறும்போது, சத்தம் எழுப்பும் பஸ்ஸர் 15 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட அலறலுக்கு 0.25 மில்லி ஆம்பியர் மணி செலவாகிறது. பார்க்கச் சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த 0.25 இருந்தால் டேக் 50 மணி நேரம் அமைதியாக இருந்திருக்கும். ஒரு நிமிடச் சத்தம் இரண்டு நாள் ஆயுளைத் தின்றுவிடுகிறது. நாளொன்றுக்கு மொத்தம் 4 நிமிடம் வீணாக அலறும் டேக்கில், 5 ஆண்டு வர வேண்டிய பேட்டரி ஆறரை மாதத்தில் முடிந்துவிடும். காசு வடிவ பேட்டரியிலிருந்து அதிக மின்னோட்டம் எடுக்கும்போது அதன் முழுக் கொள்ளளவும் கிடைக்காது என்பதால் உண்மையில் இன்னும் சீக்கிரமே முடியும்.

சத்தமே இல்லாமல் வடிவது இன்னொன்று. தூணின் அலை படும் இடத்தில் கிடக்கும் மூன்று அலார டேக் அடிக்கடி விழித்து, அதன் சராசரி மின்னோட்டம் 50 மைக்ரோ ஆம்பியராக உயர்ந்தால், 4,400 மணி நேரம்தான் தாங்கும். அதுவும் ஆறு மாதம்.

சேமிப்பில் தானாகக் குறையும் அளவோ, லித்தியம் பேட்டரிக்குச் சாதாரண அறை வெப்பத்தில் ஆண்டுக்கு சுமார் 1 விழுக்காடுதான். நம் ஊர் வெப்பத்தில் அது கூடும் என்றாலும், வீண் அலறலோடும் வீண் விழிப்போடும் ஒப்பிட்டால் சிறியது. "வெயிலு சூட்டுல பேட்டரி நிக்காது" என்று ஊரில் எல்லாரும் சொல்வதை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெயிலுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு அதற்கில்லை.

வாசலுக்கும் டேக்குக்கும் இடையே தூரம் வையுங்கள்

எங்கள் கடையில் காசு வாங்கும் மேசை வாசலை ஒட்டி இருக்கிறது. பொருளை விற்றுக் கழற்றிய டேக்குகளை மேசைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவைப்போம். மாலையில் எடுத்துப் போய் மீண்டும் மாட்டுவோம். அந்தக் கூடைக்கும் தூணுக்கும் இரண்டடி தூரம்கூட இருக்காது. ஓர் ஆண்டில் மூன்று முறை பேட்டரி மாற்றியும் டேக்குகள் செத்துக்கொண்டே இருந்தன. நான் பேட்டரி விற்றவரைக் குறை சொன்னேன், கடை மாற்றி வாங்கினேன், விலை உயர்ந்ததை வாங்கிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் காசு மேசையில் இருக்கும் அக்கா, "தம்பி, கூடையில கிடக்குறது ராத்திரி பூரா மினுக்கு மினுக்குன்னு கண்ணைச் சிமிட்டுது, கடைய மூடுறப்ப பாத்தேன்" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான். கழற்றும்போது கம்பியின் முனையைச் சிலர் பழக்கத்தில் மீண்டும் துளையில் செருகிவிடுகிறார்கள். செருகியவுடன் டேக் பூட்டிய நிலைக்குப் போய்விடுகிறது. பூட்டிய டேக் தூணின் அருகே இரவு முழுதும் விழித்துக் கிடக்கிறது.

அன்று முதல் மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். கழற்றிய டேக்கின் கம்பியைத் துளையில் செருகாமல், விட்டமேனிக்கே சுற்றி, ரப்பர் வளையம் போட்டு வைக்க வேண்டும். கூடை காசு மேசைக்கு அடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நிரம்ப நிரம்பப் பின்னறைக்குப் போக வேண்டும். பேட்டரி டேக் மாட்டிய பொருள் எதையும் தூணிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தூரத்துக்குள் அடுக்கக் கூடாது. உங்கள் டேக்கின் கையேட்டில் வேறு தூரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மூன்றாவது விதிதான் கடைப்பிடிக்கக் கடினமானது. தீபாவளி, சீனப் புத்தாண்டு நேரங்களில் வாசலருகே மலிவு விற்பனை மேசை போட்டால்தான் சரக்கு நகரும் என்று முதலாளிகள் நினைப்பது இயல்பு. அந்த மேசையில் பேட்டரி டேக் தேவைப்படாத பொருள்களை வைக்கச் சொல்லுங்கள்: முறுக்கு மாவு, சமையல் எண்ணெய், பிஸ்கட் டின். விலை உயர்ந்ததை அங்கே வைத்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரி இல்லாத டேக்கை மாட்டி, தூண் அலறாத அளவு தள்ளி வையுங்கள். வாசல் தூண் அதைப் பார்த்துக்கொள்ளும்.

தூண் நிறுவிய ஆள் அடுத்த முறை வரும்போது, அதன் அலை எவ்வளவு தூரம் பரவுகிறது என்று ஒரு பழைய மூன்று அலார டேக்கைக் கையில் பிடித்தபடி நடந்து காட்டச் சொல்லுங்கள். டேக் சிமிட்டத் தொடங்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டி வையுங்கள். அந்தக் கோடு ஓராண்டுக்கு உங்களுக்கு உதவும்.

மாட்டும் முறையில் கவனம்

பெட்டியைச் சிலந்திபோல் நான்கு பக்கமும் பற்றிக்கொள்ளும் கம்பி டேக்குகள் தளர்வாக இருந்தால், வாடிக்கையாளர் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பும்போதே கம்பி நழுவி, உள்ளிருக்கும் பொத்தான் விடுபட்டு அலறிவிடும். மாட்டியபின் பெட்டியைக் கையில் எடுத்து, ஒரு வாடிக்கையாளர் செய்வதுபோல் கவிழ்த்து, குலுக்கி, மீண்டும் வையுங்கள். அந்தச் சோதனைக்கு அலறும் டேக் கூட்டத்தில் நிச்சயம் அலறும். மூலை நசுங்கிய பெட்டிகளுக்கு இந்த வகை ஒத்துவராது. நசுங்கிய மூலையில் கம்பி இறுக்கமாக நிற்காது.

பால்மாவு டின்னுக்கு மூடியோடு சேர்த்துக் கவ்வும் வகை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். கம்பியால் கட்டினால், அடுக்கிலிருந்து ஒரு டின்னை இழுக்கும்போது பக்கத்து டின்னின் கம்பியும் மாட்டி இழுபடும். டேக்கின் தலைகள் ஒன்றோடொன்று உரசாமல் எல்லாமே ஒரே பக்கம் பார்த்து நிற்கும்படி அடுக்குவது சிறு வேலை. எங்கள் கடையில் பால்மாவு வரிசையின் பொய் அலறலில் பாதிக்கு மேல் அதனால் நின்றது.

குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும் பாலாடைக்கட்டி, வெண்ணெய் போன்றவற்றுக்குப் பேட்டரி டேக் வேண்டாம். குளிரில் பேட்டரியின் உள் மின்தடை கூடி, அலறும்போது மின்னழுத்தம் சரியும். வெளியே எடுத்தவுடன் டேக்கின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

அலறத் தொடங்கிய டேக்கை உடனே நிறுத்துவதும் மாட்டும் முறையின் பகுதிதான். சில வகைகள் சிறிது நேரத்தில் தானே அடங்கும்; சில வகைகள் காந்தச் சாவி படும்வரை அடங்காது. சாவி ஒரே ஒரு ஆளிடம் இருந்து, அந்த ஆள் பசியாறப் போய்விட்டால், டேக் அவர் வரும்வரை அலறும். ஒவ்வொரு வேலை நேரத்திலும் சாவிப் பொறுப்பாளர் ஒருவரும் அவருக்கு மாற்றாக ஒருவரும் இருக்க வேண்டும். யாரிடம் இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். சாவி கண்ட இடத்தில் கிடப்பது வேறு வகை இழப்புக்கு வழி.

வெப்பமும் ஈரமும்

நம் ஊரில் பகல் வெப்பம் பல நாள் 33 பாகை செல்சியஸைத் தொடுகிறது. காற்றில் ஈரம் எந்நாளும் அதிகம். தகரக் கூரைக்குக் கீழே உள்ள மாடிக் கிடங்கு மாலை நான்கு மணிக்கு எப்படிக் கொதிக்கும் என்பது அங்கே மூட்டை தூக்கியவர்களுக்குத் தெரியும். மாற்று பேட்டரிகளையும் உபரி டேக்குகளையும் அங்கே வைக்காதீர்கள். குளிர்சாதனம் உள்ள அலுவல் அறையில், 25 பாகைக்கு மேல் போகாத அலமாரி இருந்தால் அதுவே போதும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது என்று சிலர் சொல்வார்கள். வெளியே எடுக்கும்போது பேட்டரிமேல் நீர் கோத்துக்கொள்ளும், அந்த ஈரம் முனைகளுக்கு இடையே மெல்லிய பாலமாகி மின்சாரத்தைக் கசியவிடும். கிளைக்கடைக்கு டேக் கொண்டு போகும்போது பூட்டிய வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பதும் வேண்டாம். இத்தகைய பேட்டரிகள் பெரும்பாலும் 60 பாகைக்குள் இயங்கவே செய்யப்பட்டவை, வெயிலில் நிற்கும் வண்டியின் முன்பலகை அதையும் தாண்டிவிடும்.

ஈரம் செய்யும் கேடு மெதுவாக வரும். டேக்கின் உள்ளிருக்கும் செப்புத் தகட்டில் பச்சை பூத்திருந்தால் அது களிம்பு. தொடர்பு கெட்டு, பேட்டரி நன்றாக இருந்தாலும் செத்ததுபோல் காட்டும். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, மருந்தகத்தில் கிடைக்கும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டுத் துடையுங்கள். கார பேட்டரி கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தால், முதலில் ஒரு சொட்டு வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். முழுக்கக் காய்ந்தபின்தான் புதிய பேட்டரி.

பேட்டரி மாற்றும் முறை

கடை மூடிய பிறகு, அமைதியாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள். சிறு திருகாணி விழுந்தால் தெரியும். கைகளைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் விரலின் வியர்வையில் உள்ள உப்பு பேட்டரியின் விளிம்பில் படிந்தால் அது நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே மின்சாரம் கசியும் பாதையாகிவிடும். பேட்டரியை விளிம்பால் பிடிக்க வேண்டும், அல்லது பிளாஸ்டிக் இடுக்கியால். உலோக இடுக்கி இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிட்டால் அந்த நொடியே பேட்டரி வடியத் தொடங்கும்.

இதே காரணத்தால்தான் உறை பிரித்த பேட்டரிகளை ஒரு டின்னில் ஒன்றாகப் போடக் கூடாது. நான் முன்பு மைலோ டின் ஒன்றில் இருபது புதிய பேட்டரிகளைப் பிரித்துப் போட்டு வைத்திருந்தேன். ஒரு மாதத்துக்குப் பின் எடுத்தபோது ஒன்றோடு ஒன்று தொட்டும் டின்னின் சுவரைத் தொட்டும் பாதிக்கு மேல் வடிந்துபோயிருந்தன.

பழைய பேட்டரியை எடுத்தபின் உடனே புதியதைப் போடாமல் ஒரு நிமிடம் விடுங்கள். சுற்றில் தேங்கிய மின்னேற்றம் வடிந்து, டேக் சுத்தமாகத் தொடங்கும். கூட்டல் குறி பொறித்த அகன்ற பக்கம் எந்தத் திசையில் இருந்தது என்று எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்திப் பிடிக்கும் சின்னத் தகடு தட்டையாகிப் போயிருந்தால் மரக்குச்சியின் முனையால் ஒரு மயிரிழை தூக்கிவிடலாம். அதற்குமேல் வளைத்தால் ஒடிந்துவிடும். குழந்தைகள் வாயில் வைக்காமலிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய பேட்டரிகள் இப்போது நிறைய வருகின்றன. அது நல்ல எண்ணம்தான், ஆனால் சில டேக்குகளில் அந்தப் பூச்சு தொடர்பைத் தடுக்கிறது. ஒரே ஒரு டேக்கில் போட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

மூடியபின் கம்பியைச் செருகிப் பூட்டி, விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு கம்பியை ஒரு முறை விடுவித்து, முழு ஒலியில் அலறுகிறதா என்று கேட்டுவிட்டு, மூன்று நொடிக்குள் சாவியால் நிறுத்துங்கள்.

மீதமுள்ள ஆயுளை அளப்பது

வெறும் வோல்ட் மீட்டரை வைத்துப் பார்ப்பது உங்களை ஏமாற்றும். லித்தியம் பேட்டரியின் அழுத்தம் தன் ஆயுளின் பெரும்பகுதி நேரம் 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசியில்தான் சட்டென்று சரியும். ஆகவே சுமை கொடுத்து அளக்க வேண்டும். மின்னணுப் பொருள் கடையில் 470 ஓம் மின்தடை ஒன்று வாங்குங்கள். அதன் உடலில் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று மூன்று வளையம் இருக்கும், கூடவே துல்லியத்தைக் காட்டும் இன்னொரு வளையம். அதன் இரு கால்களையும் மீட்டரின் இரு முனைகளோடு சேர்த்துப் பிடித்து, பேட்டரியின் இரு பக்கமும் ஐந்து நொடி தொடுங்கள். அப்போது சுமார் 6 மில்லி ஆம்பியர் ஓடும். எங்கள் கடையில் 2.9 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் திரும்பப் போடுகிறோம், 2.7க்கும் 2.9க்கும் இடையே இருந்தால் மெதுவாக விற்கும் பொருளுக்கு ஒதுக்குகிறோம், 2.7க்குக் கீழே போனால் மாற்றிவிடுகிறோம். தேய்ந்த பேட்டரியின் உள் மின்தடை உயர்ந்துவிடுவதால், சுமை இல்லாமல் 3 வோல்ட் காட்டியதே சுமை வந்ததும் சரிந்துவிடும். அலறத் தொடங்கிய டேக் பாதியில் முனகலாகி அடங்குவதற்கும் அதுவே காரணம்.

மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளில் நேராகத் தொடாதீர்கள். அது குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்).

எழுதி வைப்பது

நம் ஊர்க் கடைகளில் கடன் எழுதும் 555 குறிப்பேடு எல்லாருக்கும் தெரியும். அதே குறிப்பேடு ஒன்றை டேக்குகளுக்காக ஒதுக்குங்கள். ஒவ்வொரு டேக்கின் அடியிலும் அழியாத மையால் ஓர் எண் எழுதி, அந்த எண்ணுக்கு எதிரே பேட்டரி மாற்றிய நாள், பேட்டரி வாங்கிய இடம், பொய் அலறல் வந்த நாள்கள் ஆகியவற்றை எழுதுங்கள். மூன்று மாதத்தில் ஒரு விஷயம் தெரியவரும்: நூறு டேக்கில் ஏழெட்டு மட்டுமே திரும்பத் திரும்பத் தொல்லை தருபவை. அவற்றில் கம்பி நைந்திருக்கும், அல்லது பொத்தானின் சுருள்வில் தளர்ந்திருக்கும். அவற்றுக்குப் பேட்டரி போட்டுக்கொண்டே இருப்பது வீண், ஒதுக்கிவிடுங்கள்.

கூடையில் மேலே கிடப்பதையே எடுத்து மாட்டும் பழக்கத்தால் ஒரே பத்து டேக்குகள் எல்லா வேலையையும் செய்து தேய்கின்றன. அடியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

புதிய பேட்டரி வாங்கும்போது உறையில் உள்ள காலாவதி நாளைப் பாருங்கள். லித்தியம் வகை எட்டுப் பத்து ஆண்டுகூடக் கெடாமல் இருக்கும், ஆனால் சந்தை மேசையில் வெயிலில் தொங்கும் அட்டையில் வாங்குவதற்கும் விற்பனை அதிகமுள்ள கடையில் வாங்குவதற்கும் வேறுபாடு உண்டு. ஆறு மாதத் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்க வேண்டியதில்லை.

தீர்ந்த பேட்டரி

இதைப் படிப்பவர்களில் கடைக்கு மேலேயே குடியிருக்கும் குடும்பத்தினர் பலர் இருப்பீர்கள். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பேட்டரி, சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவுடையது. தீர்ந்துபோனதாக நாம் நினைக்கும் பேட்டரியிலும் சதையைச் சுடும் அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும். இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணாகிவிடும். குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள், அல்லது 999ஐ அழையுங்கள். மாற்றி முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: எத்தனை புதியது போட்டோமோ அத்தனை பழையது மேசைமேல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடாமல் எழக் கூடாது.

பழையவற்றின் இருபக்கமும் டேப் ஒட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் போடுங்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் லித்தியம் பேட்டரிக் கழிவு எஸ்டபிள்யூ103 என்ற குறியீட்டின்கீழ் வருகிறது. ஆகவே நகராண்மைக் குப்பைத் தொட்டியில் வீசாமல், சுற்றுச்சூழல் துறை உரிமம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும்.

ஆண்டு ஒழுங்கு

எங்கள் கடையில் மாதம் ஒருமுறை, சம்பள வாரம் முடிந்து கூட்டம் தணிந்த செவ்வாய்க்கிழமை இரவில், நூறு டேக்கில் இருபத்தைந்தை எடுத்துச் சுமை வைத்து அளக்கிறோம். நான்கு மாதத்தில் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். இதைத் தவிர, தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு எல்லா டேக்கையும் ஒரே வாரத்தில் பார்த்து முடிக்கிறோம். அளந்து 2.9க்கு மேல் காட்டிய டேக்குகளை முதலில் மாட்டுவது பால்மாவு அலமாரியின் கீழ்த்தட்டில், வயதானவர்கள் குனிந்து கையெட்டும் வரிசையில்.